குறைந்தது சரி, போனது கொழுப்பா தசையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மூன்று மாதத்தில் 15 கிலோ குறைத்தேன்' என்கிற மாதிரிக் கட்டுரைகள் உடல்நலப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள், நடுவில் ஓர் எண். படித்தவர் அன்று இரவே சாப்பாட்டைப் பாதியாக்கிவிடுகிறார். அந்த 15 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, வெறும் தண்ணீர் எவ்வளவு என்று கட்டுரையும் சொல்வதில்லை, படிப்பவரும் கேட்பதில்லை. உடற்பயிற்சியும் உணவும் எங்கள் அன்றாட வேலை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று நாங்கள் நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி, கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் தங்குகிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் அது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் இந்தச் சேமிப்பு கரையும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் 'மளமளவென்று' இறங்கும் ஒன்றரை, இரண்டு கிலோவில் பெரும்பங்கு இதுதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே நாளில் அது வந்துவிடும். 'டயட்டை விட்டதும் எடை ஏறிவிட்டது' என்று பலர் மனம் நொந்துபோவது இந்தத் தண்ணீருக்காக.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. தினமும் செலவைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500 கலோரி. கொழுப்பு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். ஒரே வாரத்தில் 4 கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் நாளொன்றுக்கு 4,400 கலோரி பற்றாக்குறை வேண்டும். முழுப் பட்டினி கிடந்தாலும் பெரும்பாலோர் உடம்பு ஒரு நாளில் அவ்வளவு செலவழிப்பதே இல்லை. இந்தக் கணக்கை ஒரு வருடத்துக்கு நீட்டிப் பெருக்கவும் கூடாது. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைந்துகொண்டே வரும். அதனால் ஐந்தாவது மாதம் முதல் மாதத்தைப் போல இருக்காது.

அடுத்தது தசை. உணவை மட்டும் குறைத்து, தசைக்கு வேலையே கொடுக்காமல் எடை குறைப்பவர்களுக்குப் போகும் எடையில் தோராயமாகக் கால் பங்கு, தசை போன்ற கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து போகிறது. அவசரமாகக் குறைத்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். சாதாரணமாகவே 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தேய்கிறது. 60-க்குப் பிறகு வேகம் கூடுகிறது. அதன் மேல், சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைக்கும் 'கிராஷ் டயட்' இரண்டு மூன்று வந்து விழுந்தால் என்ன ஆகும்? போகும்போது தசையும் கொழுப்பும் சேர்ந்து போகின்றன. பயிற்சி இல்லாமல் திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பே வருகிறது. எடை இயந்திரத்தில் பழைய எண்ணேதான் இருக்கும். மாடிப்படி மட்டும் முன்பைவிடக் கடினமாக இருக்கும்.

அப்படியென்றால் எதை அளப்பது? எடையைப் பார்க்கலாம், முறையாகப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, எதுவும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடையில், கடினமான தரையில் வைத்த இயந்திரத்தில். மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் பல இயந்திரங்கள் தப்பாகக் காட்டும். உப்பு அதிகமான ஒரு வேளைச் சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய பயிற்சி, இவை ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோ ஏற்றிக் காட்டும். எனவே ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பு இல்லை. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். உடல் எடையில் வாரம் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இறங்கினால் போதும். 80 கிலோ இருப்பவருக்கு 400 முதல் 800 கிராம். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொழுப்புச் சதவீதம் காட்டும் இயந்திரங்கள் உடம்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி அனுமானிப்பவை; தண்ணீர் குடித்தால் ஓர் எண், குடிக்காவிட்டால் ஓர் எண். அந்தச் சதவீதத்தைத் தினமும் பார்த்து மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

எடையைவிட நல்ல சாட்சி இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். பேன்ட் கட்டும் இடம் அதுவல்ல; அங்கே அளந்தால் தொப்பை உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். டேப் இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். உச்சந்தலை முதல் பாதம் வரை உயரத்துக்கு நூலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். இரு முனைகளும் தொட்டால் இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. தொடாமல் நின்றால், அந்த இடைவெளிதான் குறைக்க வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்றாவது அளவு ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே போனால் அந்த வயதின் சராசரிக்குக் குறைவு என்று முதியோருக்கான இந்தச் சோதனையில் கொள்ளப்படுகிறது. இளையவர்கள் தங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும். எடை இறங்கும்போது இந்த எண்ணும் சேர்ந்து இறங்கினால் தசை போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி உணவு. புரதம் பற்றி அதிகம் எழுதப்படுகிறது, அளவோடு எழுதப்படுவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது, குறைபாடு வராமல் இருக்கப் போதுமான அளவு. எடையைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற வேண்டுமானால் 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 70 கிலோ உள்ளவருக்கு 84 முதல் 112 கிராம். எடை மிக அதிகம் உள்ளவர்கள் இப்போதைய எடைக்குப் பதில் எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் 8, கொழுப்பு குறைந்த பச்சை இறைச்சி 100 கிராமில் 20-க்கு மேல், காய்ந்த பயறு 100 கிராமில் 22 முதல் 24. நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருப்பது உண்மை. கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைச் செய்தி. மொத்தத்தையும் இரவில் தள்ளாமல் வேளைக்கு 25, 30 கிராமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் காலை உணவில்தான் ஓட்டை இருக்கும். அதை அடைத்தால் பகல் முழுக்கப் பசியும் அடங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

கணக்கில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே 100 கிராம் சோறாக இருந்தால் 130. வெந்து தண்ணீர் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. பயறும் அப்படித்தான்: காய்ந்ததில் 22 கிராம் இருந்த புரதம் வெந்த 100 கிராமில் 8, 9 ஆகிவிடும். வெந்த பயறை எடைபோட்டுவிட்டு, கலோரி கணக்கிடும் செயலியில் காய்ந்த பயறுக்கான அளவை எடுத்து எழுதுகிறவர், தேவையில் பாதிகூடச் சாப்பிடாமலே புரதம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். சமைக்கும் முன்பே எடைபோட்டு, சமைக்காத பொருளுக்கான அளவையே பயன்படுத்துவது என்று ஒரு முறையை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

எண்ணெயில் இன்னும் பெரிய தவறு நடக்கிறது. 15 மில்லி எண்ணெய், அதாவது ஒரு மேசைக்கரண்டி, சுமார் 120 கலோரி. 70 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அதே 120. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒரு கரண்டியும் மூன்று கரண்டியும் ஒன்றாகத்தான் தெரியும். காலையில் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு சமையல் முடிந்து மறுபடி வையுங்கள். குறைந்த கிராமை வீட்டில் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 9-ஆல் பெருக்கினால் ஒவ்வொருவருக்கும் எண்ணெயிலிருந்து மட்டும் போன கலோரி. ஒரு வாரம் செய்து பாருங்கள், வேறு எந்த அறிவுரையும் தேவைப்படாது.

'நான் 1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை' என்பவர்கள் பொய் சொல்வதில்லை. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிச் சொன்னவர்களின் உண்மையான செலவையும் உணவையும் அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறு ஏதும் இல்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, சர்க்கரை போட்ட இரண்டு கோப்பை பானம், இவையெல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஸ்மார்ட் வாட்ச்சும் உதவாது. இதயத் துடிப்பை ஓரளவு சரியாகக் காட்டினாலும் கலோரியில் பெரிதாகத் தவறுகிறது. 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே துல்லியமானதுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. கடிகாரம் 400 என்று காட்டியதே என்று 400 கலோரிக்குச் சாப்பிட்டால் பற்றாக்குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது: நாளுக்கு காய்கனி 400 கிராமாவது, உப்பு 5 கிராமுக்குள், சேர்த்த சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு ஊதிக்கொள்ளும். வாரத்துக்கு 5 கிராம் என்று கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று அதே நிறுவனம் 2020-ல் வரையறுத்தது. முதல் பாதியை எல்லோரும் எழுதுகிறார்கள், இரண்டாம் பாதி அநேகமாகக் காணாமல் போகிறது. மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது; அவ்வளவுதான் சோதனை. பத்தாயிரம் அடி என்பது ஆராய்ச்சியில் பிறந்த எண்ணே இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. நடையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது.

தசைக்கு நான்கு அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, இடுப்பில் மடங்கி எடுப்பது. உட்கார்ந்து எழுவதற்கு அந்த நாற்காலியே கருவி. பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் லேசாக வெளிப்பக்கம். இடுப்பைப் பின்னுக்கு அனுப்பி மூன்று விநாடியில் இறங்கி, இருக்கையைத் தொட்டதும் எழ வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் உயரம் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். இருக்கையில் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். தள்ளுவதற்கு முதலில் சுவர், பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை. வீட்டுப் பயிற்சிகளில் அடிக்கடி விட்டுப்போவது இழுப்பது, ஏனென்றால் இழுக்க எதுவும் கிடைப்பதில்லை. ஒரு கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையில் புத்தகம் நிரப்பிய பையைப் பிடித்து, முழங்கையை இடுப்பை நோக்கி இழுத்தால் போதும்.

நான்காவது அசைவான இடுப்பில் மடங்கி எடுப்பதில்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது, முதுகை வளைத்துக் குனிவதால். ஒரு நேரான குச்சியை முதுகோடு வைத்துப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் குச்சியைத் தொட வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பைப் பின்சுவரை நோக்கித் தள்ளியபடி முன்னால் சாயுங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று குச்சியை விட்டு விலகும் இடம்தான் இன்றைய எல்லை. குச்சி விலகாமல் பத்து முறை வந்த பிறகு கையில் எடை எடுக்கலாம்.

ஒவ்வொன்றிலும் தொடர்ந்து 8 முதல் 12 முறை செய்தால் அது ஒரு செட்; இரண்டு அல்லது மூன்று செட், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். பத்து முறை இன்னும் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினால் பயன் குறைவு. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். எல்லா செட்டிலும் 12 வந்து, அடுத்த முறையும் 12 வந்தால் பாரத்தைச் சிறிதே கூட்டி மறுபடி 8-லிருந்து தொடங்குங்கள். முதல் ஆறு, எட்டு வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டது; தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். பலம் வந்துவிட்டதே என்று வாராவாரம் பாரத்தை ஏற்றுகிறவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் முழங்கை, முழங்கால் வலி வருவது இதனால்தான்.

புதிதாகத் தொடங்கியவருக்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிக்கும், அது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி இயல்பு இல்லை, நிறுத்துங்கள். முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு அழுத்தம், மயக்கம் உள்ளவர்களும், இன்சுலின் போன்று சர்க்கரையை வேகமாக இறக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதை மட்டும் தயவுசெய்து இனி அச்சிட வேண்டாம். எந்த இடத்தில் கரைய வேண்டும் என்பதைப் பயிற்சி தீர்மானிப்பதில்லை.

தூக்கம் பற்றிய ஆய்வு ஒன்று, இந்தக் கடிதம் முழுக்கச் சொல்வதை இரண்டே எண்ணில் சொல்கிறது. அதிக எடையுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த கலோரி உணவைக் கொடுத்து, 14 நாள் படுக்கையில் எட்டரை மணி நேரமும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் இருக்க வைத்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. இரண்டு முறையும் எடை ஏறக்குறைய 3 கிலோ குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மிச்சமெல்லாம் கொழுப்பு அல்லாத பகுதி. சிறிய ஆய்வுதான், ஆனால் எடை இயந்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த இரண்டு வாரங்களுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் உடனே சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். மூன்று வாரச் சராசரியும் அசையாமல், இடுப்பும் அசையாமல் இருந்தால்தான் அது தேக்கம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அன்றாட அசைவு. குறைவாகச் சாப்பிடுகிறவர் தன்னை அறியாமலே அதிகம் உட்காருவார், கையை ஆட்டிப் பேசுவதுகூடக் குறையும். அடி எண்ணிக்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் உணவை மறுபடி எடைபோட்டுப் பாருங்கள். பிறகும் நகரவில்லை என்றால் எண்ணெயிலோ மாவுச்சத்திலோ நாளுக்கு 100, 150 கலோரி குறையுங்கள், புரதத்தில் குறைக்காதீர்கள். '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்ற பேச்சையும் நம்பி ஏமாற வேண்டாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை இருந்தது, நடுமதிப்பு 66. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் வரவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை எடை குறைத்த ஒருவரின் படத்தை வெளியிடும்போது, கிலோவுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு எண்களை அவரிடம் கேட்டு அச்சிடுங்கள்: எத்தனை வாரம் ஆயிற்று, இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது, 30 விநாடி நாற்காலிச் சோதனையில் முன்பு எத்தனை, இப்போது எத்தனை. ஓராண்டு கழித்து அவரையே மறுபடி தேடிப் போய் அதே எண்களைக் கேட்டு எழுதினால், அந்தச் செய்தியை வெட்டி எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
உடற்பயிற்சி, உணவியல் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்